கிளமிடியா ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது: இதை வைத்து எதை முடிவு செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: ஏரிக்கரைவாசி, அல்சூர், பெங்களூரு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31. திருமணமாகி மூன்றாவது ஆண்டு நடக்கிறது. ஒன்றரை ஆண்டாகக் குழந்தைக்காக முயன்று வருகிறோம். மாதவிடாய் தவறாமல் வருகிறது. ஸ்கேனில் கருப்பையும் சினைப்பைகளும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். தைராய்டு, சர்க்கரை இரண்டிலும் குறையில்லை. கணவரின் விந்துப் பரிசோதனையும் இயல்பாகவே இருக்கிறது.

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகும் ஆய்வகம் ஒன்றில், கருத்தரிப்புக்கு முன் செய்துகொள்ள வேண்டியவை என்று ஒரு தொகுப்பு இருந்தது. அதைச் செய்துகொண்டேன். வந்த அறிக்கையில் மற்ற வரிகளெல்லாம் மெல்லிய எழுத்தில் இருக்க, ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது: கிளமிடியா ட்ரக்கோமாட்டிஸ் ஐஜிஜி 2.6, 1.1-க்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். அதற்கு அடுத்த வரியில் ஐஜிஎம் 0.3, நெகட்டிவ் என்று இருந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கே என்னைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அசித்ரோமைசின் 1 கிராம் ஒரே வேளையில் சாப்பிடச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து அதே ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொன்னார்கள். செய்தேன், 2.5 என்று வந்தது. மருந்து கேட்கவில்லை, ஆகவே டாக்சிசைக்ளின் பதினான்கு நாள் சாப்பிட வேண்டும், ரிப்போர்ட் நெகட்டிவ் ஆகும் வரை விடக்கூடாது என்கிறார்கள். மருந்துச் சீட்டு கையில் இருக்கிறது, இன்னும் வாங்கவில்லை.

எனக்கு வெள்ளைப்படுதலோ, அடிவயிற்று வலியோ, இடையில் ரத்தக்கசிவோ ஒருபோதும் இருந்ததில்லை. அப்படியிருக்க, இந்த எண் எனக்கு இப்போது தொற்று இருக்கிறது என்று சொல்கிறதா? மருந்து சாப்பிட்டும் அது இறங்காததற்குக் காரணம் என்ன? குழந்தை தங்காததற்கு இதுதான் காரணமாக இருக்குமா? இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரேனும் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும். கூகுளில் தேடிப் பார்த்ததில் பயம்தான் கூடியது.

பதில் 1
எழுதியவர்: மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்

தங்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன். ஆகவே மருந்து விஷயத்தில் கடைசி முடிவைத் தங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். ஆனாலும் அந்த அறிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிட முடியும்.

கிளமிடியா என்பது நம் உடலின் உயிரணுக்களுக்கு உள்ளே போய்த்தான் பெருகக்கூடிய ஒரு பாக்டீரியா. பெண்களில் அது முதலில் குடியேறும் இடம் கருப்பை வாய். பெரும்பாலான பெண்களுக்கு அதனால் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. அறிகுறி இல்லை என்பதை வைத்துத் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் ஐஜிஜி பாசிட்டிவ் என்பதை வைத்துத் தொற்று இருக்கிறது என்றும் சொல்ல முடியாது என்பதும் அதே அளவுக்கு உண்மை. தங்கள் விஷயத்தில் இந்த இரண்டாவது பாதி விட்டுப்போயிருக்கிறது.

ஐஜிஜி என்பது பாக்டீரியா அல்ல. அதை எதிர்த்து நம் உடல் உண்டாக்கிய ஆன்டிபாடி. கிருமி உடலை விட்டுப் போன பிறகும், மருந்தால் போனாலும் தானாகவே போனாலும், அந்த ஆன்டிபாடி பல ஆண்டுகள் ரத்தத்தில் நிலைத்திருக்கக்கூடும். இந்தக் கிருமியை உடல் எப்போதோ ஒரு காலத்தில் சந்தித்திருக்கலாம் என்பதுதான் தங்கள் 2.6-க்கு அதிகபட்சப் பொருள். சென்ற மாதமா, பத்தாண்டுக்கு முன்பா என்று அந்த எண்ணால் சொல்ல இயலாது. அசித்ரோமைசின் சாப்பிட்ட மூன்றாம் வாரத்தில் 2.6 என்பது 2.5 ஆனதில் வியப்பே இல்லை. மருந்து பாக்டீரியாவைக் கொல்லும், ஆன்டிபாடியை அழிக்காது. மருந்து கேட்டதா இல்லையா என்பதை ஐஜிஜியை மீண்டும் மீண்டும் அளந்து தெரிந்துகொள்ள முடியாது. ரிப்போர்ட் நெகட்டிவ் ஆகும் வரை மருந்து என்று போனால், கர்ப்பத்துக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டே இருக்க நேரிடும்.

ஐஜிஎம் என்பது தொற்றின் தொடக்கத்தில் வரும் ஆன்டிபாடி வகை. அது நெகட்டிவ் என்பதால் புதிய தொற்று இல்லை என்று ஆறுதல் அடைவதும் சரியல்ல. ரூபெல்லா போன்றவற்றில் ஐஜிஎம்முக்கு இருக்கும் மதிப்பு, வயதுவந்தவர்களின் கிளமிடியாத் தொற்றில் அதற்கு இல்லை. தொற்று இருக்கும்போதே ஐஜிஎம் தெரியாமல் போவதும், இல்லாதபோது பொய்யாகத் தெரிவதும் உண்டு. சில இடங்களில் ஐஜிஏ என்று மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். அதுவும் தற்போதைய தொற்றுக்கு நம்பகமான அடையாளம் ஆகவில்லை.

இப்போது தொற்று இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பரிசோதனை வேறு. பாக்டீரியாவின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர் வகைப் பரிசோதனைதான் அது. பெண்களுக்கு அதற்கு ரத்தம் தேவையில்லை. பிறப்புறுப்பின் உட்புறத்தில் பஞ்சு சுற்றிய குச்சியைச் சில நொடி சுழற்றி எடுத்தால் போதும். கிளினிக்கில் தனியறையில் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். மருத்துவர் எடுப்பதற்கு அது எந்த வகையிலும் குறைந்ததல்ல என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததுதான். சிறுநீரிலும் செய்யலாம், ஆனால் முதலில் வரும் சிறுநீராக இருக்க வேண்டும். பெண்களில் குச்சியில் எடுப்பதே சற்று நம்பகமானது. கோவிட் காலத்துக்குப் பிறகு பிசிஆர் வசதி பெங்களூரில் பரவலாகிவிட்டதால் இதைச் செய்துகொள்வது முன்பு போலக் கடினமில்லை.

ஒரு எச்சரிக்கை. தாங்கள் ஏற்கெனவே அசித்ரோமைசின் சாப்பிட்டிருக்கிறீர்கள். மருந்துக்குப் பிறகு நான்கு வாரத்துக்குள் பிசிஆர் செய்தால், செத்த பாக்டீரியாவின் எச்சத்தையும் அது பிடித்துக்கொண்டு பாசிட்டிவ் என்று காட்டக்கூடும். ஆகவே அந்த நான்கு வாரம் கழியும் வரை பொறுத்துச் செய்யுங்கள்.

பிசிஆர் பாசிட்டிவ் என்று வந்தால் சிகிச்சை எளிது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இதுதான் முதல் தேர்வு. அதற்கு முன் ஒரே வேளை அசித்ரோமைசினையும் இதற்குச் சமமாக வைத்திருந்தார்கள். கர்ப்பமாக இருந்தால் டாக்சிசைக்ளின் கொடுப்பதில்லை, அசித்ரோமைசின்தான். தாங்கள் கருத்தரிக்க முயன்றுகொண்டிருப்பதால், எந்த மாத்திரையைத் தொடங்கும் முன்பும் மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணவரும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும். சிகிச்சை தொடங்கி ஏழு நாள், இருவருடைய மருந்தும் முடியும் வரை, உறவு கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பிசிஆர் செய்ய வேண்டும். அது மருந்து கேட்டதா என்று பார்க்க அல்ல, மறுபடி தொற்றியிருக்கிறதா என்று பார்க்க.

பதினான்கு நாள் டாக்சிசைக்ளின் என்பது இடுப்புக்குழி அழற்சிக்கு, அதாவது தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறி வரும் அழற்சிக்கு, வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் அளவு. அந்த நோயை அடிவயிற்று வலியை வைத்தும், உள்பரிசோதனையில் கருப்பை வாயை அசைக்கும்போது வலிக்கிறதா என்று பார்த்தும் கண்டறிகிறோம். தங்களுக்கு வலி இல்லை. உள்பரிசோதனை செய்யப்படவும் இல்லை. ஆகவே அந்தச் சீட்டை வாங்காமல் நிறுத்தி வைத்தது நியாயமே. முதலில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போய் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை தங்காததற்கு இதுதான் காரணமா என்ற தங்கள் கடைசிக் கேள்வி பெரியது. அது சினைப்பையிலிருந்து முட்டையைக் கருப்பைக்குக் கொண்டுவரும் கருக்குழாயைப் பற்றியது. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

பதில் 2
எழுதியவர்: நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன், மல்லேஸ்வரம்

மருத்துவர் அம்மா சொன்னதோடு ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் அந்த 2.6 என்ற எண் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அதன் மேல் இருக்கும் பயம் பெரும்பாலும் போய்விடும்.

அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் முறை என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் எலைசா என்றோ சிஎல்ஐஏ என்றோ போட்டிருப்பார்கள். இரண்டும் ஆன்டிபாடியை அளக்கும் முறைகள். அவற்றில் வரும் எண், தங்கள் மாதிரியில் எழுந்த நிறத்தையோ ஒளியையோ, அந்தப் பரிசோதனைக் கிட்டிலேயே வரும் எல்லை மதிப்பால் வகுத்து வருவது. ஆகவே 2.6 என்றால் கிருமி இரண்டரை மடங்கு இருக்கிறது என்று பொருளல்ல. ஒரு கம்பெனியின் 2.6-ம் இன்னொரு கம்பெனியின் 2.6-ம் ஒன்றல்ல. ஒரே கிட்டில் ஒரே ரத்தத்தை இரண்டு நாள் ஓட்டினாலும் இவ்வளவு சிறிய வேறுபாடு வரும், 2.6-க்கும் 2.5-க்கும் இடையில் உடலில் ஏதோ நடந்திருக்கிறது என்று படிக்கவே கூடாது.

அடுத்தது, அந்த ஆன்டிபாடி எந்தக் கிளமிடியாவை எதிர்த்தது என்ற கேள்வி. கிளமிடியா நிமோனியே என்று இன்னோர் இனம் இருக்கிறது. அது இருமல், மூச்சுக்குழல் அழற்சி என்று சாதாரணமாக வந்து போவது. உலகெங்கும் வயதுவந்தவர்களில் பெரும்பகுதியினருக்கு அதன் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும். இரண்டு இனத்துக்கும் வெளிச்சுவரில் பொதுவான பொருள்கள் உண்டு. பழைய வகைக் கிட்டுகள் அந்தப் பொதுவான பொருளையே பிடித்தன. ஆகவே சிறுவயதில் வந்து போன இருமல்கூட ட்ரக்கோமாட்டிஸ் பாசிட்டிவ் என்று காட்டிவிட இடமிருந்தது. இப்போது ட்ரக்கோமாட்டிஸுக்கே உரிய வெளிச்சவ்வுப் புரதத்தின் துண்டுகளை வைத்து, அல்லது பிஜிபி3 என்ற புரதத்தை வைத்துச் செய்யும் கிட்டுகள் இந்தக் குழப்பத்தை வெகுவாகக் குறைத்திருக்கின்றன; முற்றிலும் போக்கிவிடவில்லை.

இதே ட்ரக்கோமாட்டிஸின் வேறு வகைகள்தான் ட்ரக்கோமா என்ற கண்நோயை உண்டாக்குபவை. ஏ முதல் சி வரையான வகைகள் கண்ணுக்கு, டி முதல் கே வரை பிறப்புறுப்புக்கு. வட இந்தியாவின் வறண்ட பகுதிகளில் ஒரு தலைமுறைக்கு முன் ட்ரக்கோமா பரவலாக இருந்தது; 2024-இல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தது. அங்கே வளர்ந்தவர்களுக்குக் கண்ணில் வந்த நோயின் ஆன்டிபாடியும் ரத்தத்தில் இருக்கலாம். ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி, கிருமி உடலின் எந்த இடத்தில் இருந்தது என்று சொல்வதில்லை.

இந்தத் துறையில் நீண்ட காலம் அளவுகோலாக இருந்தது மைக்ரோ இம்யூனோஃபுளோரசன்ஸ் என்ற முறை. சியாட்டில் நகரில் சான்-பின் வாங், தாமஸ் கிரேஸ்டன் இருவரும் 1970-இல் வெளியிட்டது. ஒரு கண்ணாடித் தகட்டில் பேனா முனையால் தொட்டு வைத்தது போல ஒவ்வொரு கிளமிடியா வகைக்கும் ஒரு சிறு புள்ளி இருக்கும். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை, அதன் மேல் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்ப்போம். ஆன்டிபாடி ஒட்டிய புள்ளி மட்டும் பச்சையாக மின்னும். சீரத்தை 1:16, 1:32, 1:64 என்று நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்த அளவு வரை மின்னுகிறது என்று எழுதுவோம். எந்த இனத்துக்கு எதிரானது என்று ஓரளவு பிரித்துச் சொல்ல இதனால் முடிந்தது. ஆனால் கண் சோர்ந்துபோகும் வேலை. ஒருவர் மின்னுகிறது என்பதை மற்றவர் இல்லை என்பார். பழகிய கண் வேண்டும் என்பதாலேயே பெரும்பாலான ஆய்வகங்கள் இதைச் செய்வதில்லை.

ஆன்டிபாடிப் பரிசோதனையே பயனற்றது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த சில வாரக் குழந்தைக்குக் காய்ச்சலில்லாமல் விட்டுவிட்டு இருமல் வந்து, கிளமிடியா நிமோனியா என்று சந்தேகம் எழுந்தால், மேற்சொன்ன மைக்ரோ முறையில் ஐஜிஎம் 1:32 அல்லது அதற்கு மேல் இருப்பது நோயை உறுதிசெய்ய உதவும்; அங்கே ஐஜிஜி உதவாது, அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கும். ட்ரக்கோமாட்டிஸின் எல் வகைகளால் வரும் எல்ஜிவி என்ற பால்வினை நோயில், கவட்டில் நெறி கட்டி வீங்கியிருக்கும்போது, உயர்ந்த ஆன்டிபாடி அளவு துணைச் சான்றாக நிற்கும். இவற்றுக்கு வெளியே, எந்தத் தொல்லையும் இல்லாத பெண்ணுக்குத் தொகுப்போடு தொகுப்பாக ஐஜிஜி, ஐஜிஎம் பார்த்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. காசநோயை ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி நம் நாட்டில் எத்தனையோ பேருக்குத் தவறாக மருந்து கொடுக்கப்பட்டு, உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அதை எதிர்த்துச் சொன்ன பிறகு, 2012-இல் மத்திய அரசு அந்தக் கிட்டுகளையே தடை செய்ய வேண்டிவந்தது. கிளமிடியாவில் அப்படியொரு தடை இல்லை, தேவையும் இல்லாமலிருக்கலாம். ஆனால் எந்தக் கேள்விக்காக இந்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுப்பவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: ஏரிக்கரைவாசி

டாக்டர் அம்மாவுக்கும் ஐயாவுக்கும் மிகுந்த நன்றி. அறிக்கையின் அடியில் பார்த்தேன். எலைசா என்றுதான் இருக்கிறது, எந்தப் புரதம் என்று இல்லை. நான்கு வாரம் முடிந்ததும் பிசிஆர் செய்துகொள்கிறேன். டாக்சிசைக்ளின் சீட்டை அப்படியே வைத்திருக்கிறேன்.

முதலில் எழுதத் தயங்கிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். இது உறவின் மூலம் வருவது என்று படித்ததிலிருந்து என் கணவர் முன்பு போலப் பேசுவதில்லை. நேரடியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கும் ரத்தத்தில் ஐஜிஜி பார்த்தால் இதற்கு விடை கிடைக்குமா?

பதில் 3
எழுதியவர்: ஆலோசகர், பால்வினைநோய்ப் பிரிவு (முன்னாள்), சிவாஜிநகர்

தங்கைக்கு வணக்கம். அரசு மருத்துவமனையில் பால்வினைநோய் கிளினிக்கில் ஆலோசகராக இருந்தவள் நான். பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்த திருவண்ணாமலை, கிருஷ்ணகிரிப் பெண்களிலிருந்து, ஐடி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் வரை எங்கள் மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியாகக் கேட்ட கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. கேட்கத் துணிந்தது நல்லது.

கணவருக்கு ஐஜிஜி பார்க்க வேண்டாம். அவருக்குப் பாசிட்டிவ் வந்தாலும் நெகட்டிவ் வந்தாலும் யாரிடமிருந்து யாருக்கு என்று அது சொல்லாது. கிருமி இருந்து, ஆன்டிபாடியே உண்டாகாதவர்களும் உண்டு. ஆண்களில் அது இன்னும் அதிகம். உங்களுக்கு வந்த பாசிட்டிவ்கூட வேறொரு கிளமிடியாவால் வந்ததாக இருக்கலாம் என்று மேலே ஐயா எழுதியிருக்கிறார். தேதி இல்லாத ஒரு சான்றை வைத்து ஒருவர் நடத்தையை இன்னொருவர் எடைபோடக் கூடாது. இதை அவரிடம் இந்த வார்த்தைகளிலேயே சொல்லலாம், அல்லது இந்தப் பக்கத்தையே அவர் படிக்கக் கொடுக்கலாம்.

பிசிஆர் பாசிட்டிவ் என்று வந்தால்கூட, எப்போது தொற்றியது என்பதை அது சொல்லாது. சிகிச்சை இல்லாவிட்டால் இந்தக் கிருமி எந்தத் தொல்லையும் தராமல் மாதக்கணக்கில், சிலரிடம் ஓராண்டுக்கும் மேல் இருந்துவிடும். அப்படி வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மற்றவரிடமிருந்து திரும்பி வரும். மருந்து கொடுக்கும்போது இணையையும் அழைப்பது அதற்காகத்தான். எங்கள் கிளினிக்கில் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாக முதலில் பேசவிட்டு, பிறகுதான் சேர்த்து உட்கார வைப்போம். அந்த வரிசை முக்கியம். தனியாகச் சொல்ல இடம் கிடைத்தால் மனிதர்கள் உண்மையைச் சொல்கிறார்கள், சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் நிம்மதியாக எழுந்து போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் நடக்கும் சுரக்ஷா கிளினிக்குகளில் கிளமிடியாவுக்கு ஆன்டிபாடி பார்ப்பதில்லை. கருப்பை வாயிலிருந்து சீழ் போல வடிவதைக் கண்டால், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் சேர்ந்த சாம்பல் நிறப் பொட்டலத்தை அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். ஆய்வகம் எட்டாத ஊர்களையும் மனத்தில் வைத்து வகுத்த முறை அது. அதிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: எந்த அறிகுறியும் இல்லாத பெண், அதாவது உங்களைப் போன்றவர்கள், அந்த வலையில் விழவே மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் பிசிஆர் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்.

பதில் 4
எழுதியவர்: மகப்பேறு மருத்துவர், ஜெயநகர்

கருக்குழாய் பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆன்டிபாடிப் பரிசோதனைக்கு மகப்பேறு மருத்துவத்தில் உண்மையாகவே ஓர் இடம் உண்டென்றால் அது இங்கேதான்.

கிளமிடியா கருப்பை வாயிலிருந்து மேலேறிக் கருக்குழாய்க்குப் போனால், கிருமியைவிட அதை எதிர்த்து நடக்கும் அழற்சியே அதிகச் சேதம் செய்கிறது. குழாயின் உள்ளே முட்டையை நகர்த்தும் நுண்மயிர்கள் அழிகின்றன. குழாய் ஒட்டிக்கொள்கிறது அல்லது நுனி அடைபட்டு நீர் கோத்துக்கொள்கிறது. மறுபடி மறுபடி தொற்றியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுகிறது. இதெல்லாம் நடந்து முடியும்போது கிருமி போயிருக்கும், பிசிஆர் நெகட்டிவ் என்று வரும், ஆன்டிபாடி மட்டும் எஞ்சியிருக்கும். தற்போதைய தொற்றைக் கண்டுபிடிக்கப் பயன்படாத அதே குணம், பழைய சேதத்தின் சாயலைக் காட்டுவதற்குப் பயன்படுகிறது.

கருக்குழாய் கெட்டுப்போன பெண்களிடம் இந்த ஆன்டிபாடி அதிகமாக இருப்பதை 1979-இல் ஃபின்லாந்தில் புன்னோனென் குழுவினர் எழுதினார்கள். 1997-இல் நெதர்லாந்தின் மோல் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நல்ல முறையில் செய்த ஆன்டிபாடிப் பரிசோதனை, குழாய் அடைப்பை ஊகிப்பதில், கருப்பைக்குள் சாயம் செலுத்திக் குழாயைப் பார்க்கும் எச்எஸ்ஜி எக்ஸ்ரேக்கு ஏறக்குறைய ஈடாக நிற்கிறது என்றார்கள். ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கமான எஷ்ரே 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குழாய் அடைப்புக்கான வாய்ப்பு யாருக்குக் குறைவு, யாருக்கு அதிகம் என்று பிரிக்க இதைப் பயன்படுத்தலாம் என்கிறது. வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுக்குக் குழாயை நேரடியாகப் பார்த்தே தீர வேண்டும் என்றும் சொல்கிறது.

ஆனால் ஐஜிஜி பாசிட்டிவ் உள்ள பெண்களில் பலருக்குக் குழாய்கள் முழு நலத்தோடு இருக்கின்றன. பாசிட்டிவ் என்பது குழாயைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதே என்று சொல்லும் குறிப்பு, அவ்வளவே. நெகட்டிவ் என்றால் குழாய் நன்றாக இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அந்த ஆறுதலையும் நம் நாட்டில் நான் அப்படியே ஏற்பதில்லை. இங்கே கருக்குழாயைக் கெடுப்பதில் பிறப்புறுப்புக் காசநோய்க்குப் பெரும் பங்கு உண்டு. கிளமிடியா ஐஜிஜி அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வெடித்த குடல்வால், பழைய வயிற்று அறுவைச் சிகிச்சை, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) ஆகியவையும் அப்படித்தான். நெதர்லாந்தில் ஒரு நெகட்டிவ் தரும் உறுதியைப் பெங்களூரில் அதே அளவுக்கு எதிர்பார்க்க முடியாது என்பது என் கருத்து.

தங்கள் நிலைக்கு வருகிறேன். ஓராண்டுக்கு மேல் முயன்றும் கரு தங்காததால், ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருந்தாலும் வராவிட்டாலும் குழாய்ப் பரிசோதனைக்கு நேரம் வந்துவிட்டது. முயலத் தொடங்கிச் சில மாதமே ஆன ஒரு பெண்ணாக இருந்தால், அல்லது எச்எஸ்ஜியா, நேரே வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியா என்று தயங்கும் நிலையாக இருந்தால், அந்த எண் எங்கள் முடிவை ஒரு பக்கம் சாய்த்திருக்கும். தங்களுக்கு அது எதையும் மாற்றவில்லை. ஒரு மாத்திரையும் இரண்டு ரத்தப் பரிசோதனையும் இத்தனை நாள் மனவேதனையும் அந்த எண்ணால் வந்தவை என்பது வருத்தமாக இருக்கிறது.

முதலில் பிசிஆர். கருப்பைக்குள் எதையும் செலுத்தும் முன் கிளமிடியா இல்லை என்று உறுதி செய்துகொள்வது முறை. இருந்தால், சாயத்தோடு கிருமியையும் நாமே மேலே தள்ளிவிடும் அபாயம் உண்டு. முடிவு கைக்கு வராவிட்டால் தடுப்பாக ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுச் செய்வார்கள். பிறகு மாதவிடாய் நின்றதும், முட்டை வெளிவரும் முன், ஏறத்தாழ ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் எச்எஸ்ஜி. சாயம் கருப்பையை நிரப்பி இரண்டு பக்கமும் நூல் போல ஓடி, நுனியில் சிந்திப் பரவுகிறதா என்று திரையில் தெரியும். தங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் காட்டுவார்கள். மாதவிடாய் வலி போல ஒரு வலி சில நிமிடம் இருக்கும், அதற்கு முன்கூட்டியே மாத்திரை உண்டு. குழாய் தொடங்கும் இடத்திலேயே அடைப்பு என்று வந்தால் உடனே மனமுடைய வேண்டாம்; தசை இறுகுவதாலும் அப்படித் தெரியும், அதை லேப்ராஸ்கோப்பியில் நீலச் சாயம் விட்டுப் பார்த்து உறுதி செய்யலாம். நுனியில் நீர் கோத்திருந்தால் அது வேறு விஷயம். அதற்கான வழி தனியாகப் பேச வேண்டியது. கருப்பையின் உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக் காசநோய்க்குப் பார்க்க வேண்டுமா என்பதைப் படத்தைப் பார்த்த பிறகு தங்கள் மருத்துவரே சொல்வார்.

இடையிலேயே கரு தங்கிவிட்டால், அது நடக்கக்கூடியதே, எச்எஸ்ஜி செய்ய வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்ததும், ஆறாவது வாரம் போல ஒரு ஸ்கேன் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கருக்குழாயில் பழைய தழும்பு இருந்தால் கரு அங்கேயே தங்கிவிடும் ஆபத்து சற்றுக் கூடுதல். கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதற்கு முன் ஒரு பக்கமாக அடிவயிற்று வலியோ, மயக்கமோ, தோள்பட்டையில் வலியோ வந்தால் இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.